வாயில் அடக்கிய நூல்

மழை. ராத்திரி. ஒரு பழைய பஸ். இரண்டு போலீஸ்காரர்களின் காவலில் ஒரு கைதி. இரண்டு நாள் பரோலில் ஊருக்குப் போகிறான். வருஷம் 1948. நாடு விடுதலையாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. இவன் ஆகவில்லை.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருதுகளையும் அள்ளிக்கொண்டு போன படம். பிரகாஷ்ராஜ் என்றால் 'செல்லம்' மட்டும் இல்லை என்று நிரூபித்த படம். 2009-ல் தியேட்டருக்கு வந்தபோது போய்ப் பார்த்தவர்கள் கம்மிதான். டிவியில் பார்த்தவர்கள், 'அந்தப் பட்டுப் புடவை படம்தானே?' என்பார்கள்.

என்னைக் கேட்டால் அது ஜெயில் படம். நம்மிடம் இருப்பதில் முதல் வரிசை ஜெயில் படம்.

ஜெயில் படம் என்றால் உங்களுக்கும் எனக்கும் மனசில் ஒரு செட் இருக்கிறது. உயரமான மதில், நசுங்கின அலுமினியத் தட்டு, முறுக்கு மீசை வார்டன், நல்ல மனசுள்ள கிழட்டுக் கைதி ஒருத்தர், கிளைமாக்ஸில் தப்பித்தல் அல்லது தூக்கு. தப்பே இல்லை. இந்தச் செட்டுக்குள்ளேயே உலகம் முழுக்கப் பிரமாதமாக விளையாடியிருக்கிறார்கள். பிரான்ஸில் ராபர்ட் பிரெஸ்ஸன் 1956-ல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்டு' பார்த்திருக்கிறீர்களா? கதாநாயகன் ஒரு ஸ்பூனின் காம்பைத் தேய்த்து உளியாக்கி, தன் அறையின் மரக் கதவைச் சுரண்டுவான்... சுரண்டுவான்... சுரண்டிக்கொண்டே இருப்பான். அவ்வளவுதான் படம் என்றுகூடச் சொல்லலாம். நமக்குத்தான் உள்ளங்கை வேர்க்கும்.

'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) என்றால் எல்லோரும் சுரங்கத்தையும், கடைசியில் மழையில் கை விரித்து நிற்பதையும் சொல்வார்கள். எனக்கு அதில் லைப்ரரிக் கிழவர் ப்ரூக்ஸ். ஐம்பது வருஷம் உள்ளே இருந்தவரை ஒருநாள் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை, தங்க ஒரு ரூம், எல்லாம் உண்டு. மனுஷர் மரவிட்டத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுத் தூக்குப் போட்டுக்கொள்வார். சுரங்கம் மறந்தாலும் அந்த விட்டம் மறக்கவில்லை.

நம்ம ஊரிலும் குறையில்லை. 'விருமாண்டி' (2004), 'வடசென்னை' (2018)... அந்தக் கேரம் போர்டை யார் மறக்க முடியும்? சென்னைக்காரர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு ஜெயில் இருந்தது. 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009-ல் அதை இடித்தும் ஆகிவிட்டது. இப்போது மதில் வேண்டுமென்றால் செட்தான் போட வேண்டும்.

செட் என்றதும் ஞாபகம் வருகிறது. இதே பிரியதர்ஷன், 'காஞ்சிவர'த்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் 'சிறைச்சாலை' எடுத்தார். மலையாளத்தில் 'காலாபானி'. அந்தமான் செல்லுலார் ஜெயில். ஏழு சிறகுகளும் நடுவில் ஒரு கோபுரமுமாக வெள்ளைக்காரன் கட்டிய நரகம். மோகன்லால், பிரபு, தபு, இளையராஜா, சந்தோஷ் சிவன் கேமரா, சாபு சிரில் கலை என்று ஊரே திரண்ட படம். கல்யாணத்தன்றே கைதாகிற ஒரு டாக்டர், வருவான் வருவான் என்று வீட்டில் காத்திருக்கும் மனைவி. ஜெயில் என்றால் என்னவெல்லாம் காட்ட வேண்டுமோ அத்தனையும் காட்டிவிட்டார். சவுக்கு, சங்கிலி, தூக்குமேடை. பார்த்து அழுதோம், வெளியே வந்தோம், டீ குடித்தோம்.

அதே ஆள் அடுத்து ஒரு கைதியின் கதையை எடுக்கும்போது மதிலைத் தூக்கித் தூர வைத்துவிட்டார். கைதியின் நிகழ்காலம் பெரும்பாலும் அந்த பஸ்ஸில்தான். மற்றதெல்லாம் அவன் நினைத்துப் பார்ப்பது. தறி, தெரு, மனைவி, மகள். ஆனால் 'சிறைச்சாலை'யைவிட இதில்தான் மூச்சு முட்டுகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக... வேங்கடம் பட்டு நெசவாளி. முதலாளியின் தறிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவன். பிறந்த பெண் குழந்தையைப் பட்டுப் புடவை கட்டித்தான் கல்யாணம் செய்து கொடுப்பேன் என்று ஊர் அறிய வாக்குக் கொடுத்துவிடுகிறான். சேர்த்த பணம் வேறு வழியில் போய்விடுகிறது. அப்புறம் ஒரே வழி. தினமும் வேலை முடிந்து வெளியே வரும்போது கொஞ்சம் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வருகிறான். ராத்திரியில், மறைவான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நெய்கிறான்.

நான் பி.காம்., பார்த்தவுடன் கணக்குதான் போட்டேன். காஞ்சிபுரம் புடவை ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்கு ஒரு கிராம் என்றால் ஐந்நூறு வேலை நாள். அமாவாசை, பண்டிகை லீவெல்லாம் கழித்தால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். அரை கிராம் என்றால் நாலு. சரிகை கணக்கில் சேரவில்லை. இப்படி ஒரு தண்டனையை எந்த ஜட்ஜ் கொடுப்பார்?

அந்த வாய்தான் படத்தின் உயிர். வாசலில் சோதனை போடும்போது பிரகாஷ்ராஜின் தாடையைப் பாருங்கள். இறுகின வாய்க்காரன் யாரோடும் பேச முடியாது, இரும முடியாது. அதே வாய்தான் பின்னால் சங்கத்தில் கோஷம் போடுகிறது. ஸ்ட்ரைக் நடத்துகிறது. மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், நூல் வேண்டுமே என்று அதே வாய் ஸ்ட்ரைக்கை முடித்துக்கொள்ளச் சொல்கிறது. தோழர்களைக் காட்டிக்கொடுத்த துரோகி என்று அவனைத் திட்டலாம். திட்ட வராது. கடைசியில் அந்த வாயாலேயே பிடிபடுகிறான்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதென்றால் நெய்கிறவர்களிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று செவிலிமேடு போனேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி ரோட்டைப் பிடித்தால் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வரும். பாலாறு என்றால் பெரும்பாலும் மணல்தான். வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தண்ணீர் சுமந்த சாலைக் கிணறு இந்தப் பக்கம்தான் என்பார்கள். தெருவுக்குள் நடந்தால் முன்பு போல எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள்.

படம் பார்த்த ஒரு பெரியவர் கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டபடியே பேசினார். விமரிசகர்கள் யாரும் கேட்காத இரண்டு கேள்விகளைக் கேட்டார்.

"தம்பி, தறி ஓடினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஊரே அடங்கின ராத்திரியில இவன் ஒருத்தன் நெய்யறானாம், யாருக்கும் தெரியலையாம்! எங்க தெருவா இருந்தா மூணாம் நாளே மாட்டியிருப்பான்."

சிரித்தேன். அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

"சரி, அதை விடு. கல்யாணப் புடவைன்னா கோர்வை போடணும். கோர்வையை ஒத்த ஆள் எப்படிப் போடுவான்? அந்தப் பக்கம் யாரு உக்காந்தா?"

கோர்வை தெரியாதவர்களுக்கு... நல்ல காஞ்சிபுரம் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூல்கள் வேறு வேறு. ஒவ்வொரு வரியிலும் உடம்பும் கரையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். நெசவாளிக்கு இரண்டு கைதான். எனவே தறியின் மறுபக்கம் ஒரு துணை ஆள் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பலம் தேவையில்லை. சின்னக் கையாக இருந்தாலும் போதும்.

சின்னக் கை! புரிகிறதா?

காஞ்சிபுரத்தில் பல காலம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் குழந்தைகள். வீட்டுப் பிள்ளை இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பிள்ளை. பெற்றவர்களுக்குத் தறிக்காரர் ஒரு முன்பணம் கொடுப்பார். பிள்ளையின் கூலியில் அது கழிய வேண்டும். கழியாது. நடுவில் ஒரு காய்ச்சல் வரும், ஒரு சடங்கு வரும், இன்னொரு முன்பணம் வரும். தீர்கிற வரை வேறு தறிக்குப் போகக் கூடாது, பள்ளிக்கூடம் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய நெசவாளிகள் பலருக்கும் மேலே இருந்த முதலாளியிடம் இதே கதைதான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2003 ஜனவரியில் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. சட்டத்துக்கும் அறிக்கைக்கும் நடுவே இருபத்தேழு வருஷம்.

கோர்ட்டு கொடுக்கிற தண்டனைக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. பேரேட்டில் பாக்கி என்று எழுதி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிற தண்டனைக்கு அது கிடையாது. காலேஜில் எனக்கு 'அட்வான்ஸ்' என்பதை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெரியவரும் ஏழு வயசில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்தான். "பூட்டெல்லாம் கிடையாது தம்பி. வாசக்கதவு தொறந்துதான் இருக்கும். எங்க போறது?" என்றார். சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார்.

ஆக, 'காஞ்சிவர'த்தின் மேல் என் முதல் புகார் இது. படத்தின் கண் முழுக்க அப்பாவின் மேல். மகள் தாமரை புடவைக்காகக் காத்திருக்கும் பெண். நிஜ ஊரில் அவள் தறியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள்.

அந்தத் திறந்த வாசக்கதவைக் காட்டிய படங்கள் நம்மிடம் உண்டு. 'மகாநதி'யை (1994) எடுங்கள். சீட்டுக் கம்பெனி மோசடியில் சிக்கி கமல் ஜெயிலுக்குப் போகிறார். ஜெயில் காட்சிகள் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்தை நினைத்தால் உங்களுக்கு எது வருகிறது? கல்கத்தா சோனாகாச்சியிலிருந்து மகளை மீட்டு வந்த பிறகு, அவள் தூக்கத்தில் பிதற்றுகிறாளே... யாரையோ தள்ளிவிட்டுக்கொண்டே. வீடு பத்திரம், அப்பா பக்கத்தில். அவள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறாள். அந்தக் காட்சிக்கு அப்புறம் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன்.

'விசாரணை' (2016). எல்லோரும் முதல் பாதி அடிகளைப் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதி. ஆந்திரா லாக்கப்பிலிருந்து விடுதலையாகி வந்த பையன்களைச் சென்னை ஸ்டேஷனில், 'சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டுப் போங்கப்பா' என்று நிறுத்தி வைப்பார்கள். ஆயுத பூஜை சமயம். விலங்கு இல்லை, கம்பி இல்லை. அவர்களும் நன்றியோடு பெருக்குவார்கள். கேட்கக் கூடாத பேச்சு ஒன்று காதில் விழுகிற வரை எல்லாம் சாதாரணமாக இருக்கும். அந்தத் துடைப்பத்தைப் பார்த்தாலே பயம் வருகிறது.

அனுராதா ரமணனின் கதையை ஆர்.சி.சக்தி எடுத்த 'சிறை' (1984) நினைவிருக்கிறதா? பலாத்காரம் செய்யப்பட்டவளைப் புருஷன் கைவிட்டுவிட, அவள் நாசமாக்கியவன் வீட்டு வாசலிலேயே போய் உட்காருகிறாள். லட்சுமி. ஜெயிலே இல்லாத படத்துக்கு அந்தத் தலைப்பு. இன்று அதன் முடிவோடு சண்டை போடலாம், நானும் போடுவேன். ஆனால் எது சிறை, கைவிட்டவன் வீடா, கெடுத்தவன் வீடா என்று கேட்க 1984-ல் தைரியம் வேண்டும்.

ஆறுதலுக்கு ஒன்று. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'மதிலுகள்' (1990). பஷீராக மம்மூட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஜெயில். நாராயணி என்று ஒரு குரல். குரல் மட்டும். தான் வந்திருப்பதைச் சொல்ல அவள் ஒரு குச்சியை மேலே எறிவாள். மதிலுக்கு மேல் குச்சி தெரியும். அதுதான் காதல் காட்சி, டூயட், எல்லாம். விடுதலை உத்தரவு வரும்போது அந்த மனுஷனுக்கு வெளியே போகப் பிடிக்காது.

இப்போது அந்த மழை பஸ்ஸுக்கு வருவோம். 'கைதி'யில் (2019) கார்த்தியும் இப்படித்தான், பத்து வருஷம் கழித்து மகளைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க லாரி ஓட்டுவார். பிரியாணியை வாளியோடு சாப்பிடுவார். விடிந்ததும் மகளைப் பார்ப்பார். நாம் கைதட்டுவோம். வேங்கடத்துக்கு அந்த வசதி இல்லை. மகள் கிணற்றில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு நாளில் அவன் திரும்பிப் போயாக வேண்டும்.

மனைவி சாவு, ஸ்ட்ரைக், கைது, கிணறு என்று இடிமேல் இடியாக இறக்கியிருப்பது கொஞ்சம் ஓவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடியைக் குறைத்திருந்தால் மீதி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். கடைசி ஐந்து நிமிஷத்துக்காக நான் அதையெல்லாம் மன்னித்துவிட்டேன். தன் கையால் மகளுக்குச் சோற்றில் விஷம் வைத்து ஊட்டுகிறான். பிறகு, மறைத்து மறைத்து நெய்த புடவையை அறுத்து எடுத்து வந்து அவள்மேல் போர்த்துகிறான். பாதிதான் நெய்திருக்கிறது. இத்தனை வருஷத்து வாய் நூல் அவ்வளவுதான் வந்திருக்கிறது.

முகத்தை மூடினால் கால் தெரிகிறது. இழுத்துக் காலை மூடினால் முகம் தெரிகிறது. மறுபடி மேலே இழுக்கிறான். மறுபடி கீழே. பிறகு பிரகாஷ்ராஜ் நம்மைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்.