95 டிகிரி யாருக்கு நார்மல்?

போன மே மாசம் மதுரையிலிருந்து அக்கா பையன் போன் பண்ணினான். புது கேமிங் லேப்டாப் வாங்கி நாலு நாள் ஆகியிருந்தது. "மாமா, கேம் ஆரம்பிச்ச ரெண்டே நிமிஷத்துல பிராசசர் 96 டிகிரி போகுது. ஏழு நாளுக்குள்ள ரிட்டர்ன் பண்ணலாம்னு போட்டிருக்காங்க. திருப்பிக் குடுத்துடவா?" அக்கா சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்த மிஷின் அது. பையன் பயந்ததில் நியாயம் இருந்தது.

எனக்கு முன்னாடியே மூணு பேர்கிட்ட கேட்டிருக்கான். கஸ்டமர் கேர்: "கேமிங் லேப்டாப்னா அப்படித்தான் சார், நார்மல்." கடைக்காரர்: "ஒரு கூலிங் பேட் வாங்கிப் போட்டுக்கோங்க தம்பி." காலேஜ் நண்பன்: "பிரிச்சு தெர்மல் பேஸ்ட் மாத்துடா." நானும் என் பங்குக்கு "நார்மல்தான்டா, பயப்படாத"ன்னு சொல்லிட்டு போனை வெச்சேன். வெச்ச பிறகு உறுத்தியது. நான் சொன்னது தப்பு இல்லை. ஆனா அவன் கேட்டது மிஷினை வெச்சுக்கலாமா வேண்டாமா என்று. அதுக்கு என் பதிலில் ஒண்ணுமே இல்லை. அந்த "நார்மல்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த வார்த்தைக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். ஒவ்வொரு பிராசசருக்கும் ஓர் உச்ச வெப்ப வரம்பு உண்டு. இன்டெல் கோர் ஐ7-12700எச் சிப்புக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7 6800எச் சிப்புக்கு 95. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். அதையும் தாண்டி ஏறினால் மிஷின் அணைந்துவிடும். 2022-ல் ரைசன் 7000 டெஸ்க்டாப் சிப்கள் வந்தபோது, கனமான வேலையில் 95 டிகிரிக்குப் போவது வடிவமைப்பிலேயே உள்ளதுதான் என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது. வெப்பத்துக்கு இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்று, வரம்பு வந்ததும் அங்கேயே நில் என்பதுதான் இன்றைய சிப்களின் உத்தி. ஆக, 96 டிகிரியில் சிப் கருகிப் போகாது. கஸ்டமர் கேர் சொன்னது பொய் இல்லை.

ஆனா இந்த உத்தியை ஒத்துக்கொண்டால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லா மிஷினும் வரம்பில்தான் போய் நிற்கும் என்றால், அந்த எண்ணை வைத்து கூலிங் நல்லதா மட்டமா என்று சொல்லவே முடியாது. நல்ல மிஷினும் 95 காட்டும், மட்டமான மிஷினும் 95 காட்டும். ஒன்று அந்தச் சூட்டில் 80 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இன்னொன்று 45 வாட்டிலேயே மூச்சு வாங்கும். அடுப்பில் இருக்கும் குக்கரைப் பாத்து "எத்தனை டிகிரி?"ன்னு யாரும் கேக்கறதில்லை, எத்தனை விசில்னுதான் கேக்கறோம். லேப்டாப்பில் கேட்க வேண்டிய விசில் கணக்கு, அது எத்தனை வாட்டைத் தொடர்ந்து தாங்குகிறது என்பது.

இதுக்கு எல்லாரும் பார்த்த ஓர் உதாரணம் 2018 ஜூலையில் நடந்தது. ஆப்பிள் அந்த வருஷத்து மேக்புக் ப்ரோவில் ஆறு கோர் ஐ9 சிப்பைப் போட்டிருந்தது. டேவ் லீ என்ற யூட்யூபர் அதில் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தார். 39 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதே லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து அதே வேலையைக் கொடுத்தார். 27 நிமிடத்தில் முடிந்தது. சிப்பும் அதுதான், வேலையும் அதுதான், சுற்றியிருந்த காற்று மட்டும் வேறு. சில நாட்களில் ஆப்பிள் ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது. அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் அப்போது எல்லாரும் பேசினார்கள். ஃப்ரீசர் சொன்ன பாடத்தை மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது: சுற்றுக் காற்று எத்தனை டிகிரி என்று சொல்லாமல் லேப்டாப்பின் வேகத்தைச் சொல்வது பாதித் தகவல்.

நம்ம ஊருக்கு அந்த மீதிப் பாதிதான் முக்கியம். ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்றால், வெளியேறும் வெப்பம் சிப்புக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 22 டிகிரி அறையில் 95 டிகிரி சிப்புக்கு அந்த வித்தியாசம் 73. ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அது 59. அதாவது ஐந்தில் ஒரு பங்கு போச்சு. குளிர்ந்த அறையில் 80 வாட் தாங்கிய மிஷின் இங்கே 65-ஐ ஒட்டித்தான் தாங்கும். திரையில் ரெண்டு இடத்திலும் அதே 95-தான் தெரியும். பல மதிப்புரைகள் அறை வெப்பத்தை எழுதுவதே இல்லை. எழுதுபவற்றிலும் அது பெரும்பாலும் ஏசி அறையின் எண்.

நிறுவனங்களுக்கு இது தெரியாதது இல்லை. மேக்புக்குகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். விண்டோஸ் லேப்டாப் கையேடுகளிலும் 35 என்ற மேல் வரம்பு சாதாரணமாகக் கண்ணில் படும். மதுரையில் மே மாத மத்தியானம் 35-க்குக் கீழே இருந்தால் அதுவே செய்தி. விற்கும்போது இதை யாரும் சொல்றதில்லை. சூடு ஏறி நாம் போன் பண்ணினால் மட்டும் "நார்மல்" என்ற பதில் வருகிறது.

அடுத்தது பெயர்களின் சிக்கல். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு என்ற ஒரே பெயருக்குக் கீழே என்விடியா அனுமதிக்கும் மின்சக்தி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. இதற்கு டிஜிபி என்று பெயர் (போலீஸ் டிஜிபி இல்லை, ஜிபியு எடுத்துக்கொள்ளும் மொத்த மின்சக்தி). 35 வாட் 4060-உம் 115 வாட் 4060-உம் ஒரே மாதிரி ஓடும் என்று நினைத்து வாங்குபவர் ஏமாறத்தான் செய்வார். பிராசசர் பக்கமும் இதே கதை. மேலே சொன்ன 12700எச் சிப்பின் அடிப்படை அளவு 45 வாட், டர்போவில் உச்சம் 115. ரெண்டு சிப்பும் உச்சத்துக்குப் போனால் 230 வாட். அதை ஓர் அங்குலம்கூடத் தடிமன் இல்லாத பெட்டி தாங்க வேண்டும். பல மிஷின்களில் ரெண்டு சிப்புக்கும் ஹீட் பைப் பொதுவாக இருப்பதால் ஒன்றின் சூடு மற்றதையும் ஏற்றும். பெட்டியின் மேல் சிப்பின் பெயர் பெரிதாக இருக்கிறது. வாட் கணக்கை நாமே தேடிப்போக வேண்டியிருக்கிறது.

சரி, வாங்கினவர் தானே சூட்டைக் குறைக்க முடியாதா? முடியும். அதில் நல்ல வழி ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. சிப் செலவழிக்கும் மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை மாற்றாமல் வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால் மின்சக்தி ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். இதுதான் அண்டர்வோல்டிங். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. மென்பொருள் வழியாக வோல்டேஜைக் குறைத்து, இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறைக்குள் இருக்கும் ரகசியங்களை எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து பயாஸ் அப்டேட்கள் வந்தன, பல லேப்டாப்களில் அண்டர்வோல்டிங் போய்விட்டது. ஓட்டையை அடைத்தது சரிதான். ஆனா 12-ஆம் தலைமுறை கோர் சிப்களில் அந்த எஸ்ஜிஎக்ஸே கிடையாது. பூட்டு மட்டும் பல மிஷின்களில் இன்னும் தொங்குகிறது. விரும்பினால் திறந்துகொள்ள பயாஸில் ஒரு வரி கொடுத்தால் போதும், கொடுப்பதில்லை.

இன்னொன்று. "நார்மல்" என்ற சான்றிதழ் சிப்புக்கு மட்டும்தான். அதே பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, சீக்கிரம் மூப்படையும். தெர்மல் பேஸ்ட் சூடாகி ஆறிச் சூடாகி இடம் நகரும். ஃபேன் நாள் முழுக்க உச்சத்தில் சுற்றினால் தேயும். கீபோர்டில் இருக்கும் கையும் நம்முடையது. வாரண்டி முடிந்த பிறகு இதற்கெல்லாம் காசு கொடுப்பது சிப் தயாரித்தவர் இல்லை, சீட்டுப் பணம் போட்ட அக்காதான்.

மறுநாள் நானே அவனுக்குப் போன் பண்ணினேன். "டிகிரியை விடுடா. அரை மணி நேரம் விளையாடு. அஞ்சாவது நிமிஷம் ஜிபியு எத்தனை வாட், முப்பதாவது நிமிஷம் எத்தனை வாட்னு எழுது. ரூம் எத்தனை டிகிரின்னும் எழுது." எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இது தெரியும். சாயங்காலம் அனுப்பினான். அறை 36 டிகிரி. விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த டிஜிபி 100 வாட். அஞ்சாவது நிமிஷம் 99, முப்பதாவது நிமிஷம் 96. பிராசசர் ரெண்டு நேரத்திலும் அதே 96 டிகிரிதான். சொன்ன வாட்டை அந்த வெயிலிலும் விடாமல் தாங்குகிற மிஷின். வெச்சுக்கோன்னு சொன்னேன். முப்பதாவது நிமிஷம் 60-க்கு விழுந்திருந்தால், ஏழு நாள் முடியும்முன் திருப்பிக் கொடுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு இடத்திலும் வெப்பமானி காட்டுவது ஒன்றாகவே இருந்திருக்கும்.

பிறகு சூட்டைக் குறைக்கிற வேலை. பின்பக்க மூலைகளுக்குக் கீழே ரெண்டு பாட்டில் மூடி வைத்தான். காற்று உள்ளே போகும் வழி அடியில்தான் இருக்கு, அது திறந்தாலே பாதி கூலிங் பேடின் வேலை நடந்துவிடும். ஃபிரேம் ரேட்டுக்கு வரம்பு போட்டான். கதை விளையாட்டுக்கு 60 போதும், 144-க்கு ஓடினால் அந்த வேலை முழுக்கச் சூடுதான். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தான், டர்போ அணைந்தது, 96 டிகிரி 78-க்கு இறங்கியது. ஒரு துப்பாக்கி விளையாட்டில் மட்டும் ஃபிரேம் நன்றாகவே அடிபட்டது, அதை விளையாடும்போது டர்போவைத் திரும்பப் போட்டுக்கொள்கிறான். நாள் முழுக்க சார்ஜரிலேயே இருப்பதால் பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தினான். பேஸ்ட் மாற்ற வேண்டாம் என்றேன். புது மிஷினைப் பிரித்தால் நாளைக்கு வாரண்டி பேச்சில் அதையே காரணம் காட்டலாம்.

லேப்டாப் மதிப்புரை எழுதும் நண்பர்களிடம் கேட்பது ரெண்டு எண்கள்தான்: அறை வெப்பம், முப்பதாவது நிமிட வாட். முடிந்தால் ஒரு தடவை ஏசியை அணைத்துவிட்டும் அளந்து பாருங்க. இங்கே லேப்டாப் வாங்கும் பல பிள்ளைகளின் அறையில் ஏசி கிடையாது.