செம்புக் குண்டு சரியில்லையா, கணக்கு சரியில்லையா?

அரிசோனாவில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைப் பிரியர். ஒவ்வொரு குளிர்காலமும் அரைத்த மான்கறி ஒரு பொட்டலம் எங்கள் வீட்டுக்கு வரும். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிட்டிருக்கிறோம், என் பெண்ணும்தான். பிறகுதான் ஒரு ஆய்வுக் கட்டுரையில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தேன். சுடப்பட்ட மானின் உடலுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி தெறித்திருந்தது. அத்தனையும் ஈயம். அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டுரை 2006-இல் வந்தது. வேட்டைக்காரர்கள் கொடுத்த 38 மான்களின் மிச்சங்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். காட்டிலேயே விட்டுவரும் குடல் குவியல்கள் இருபதில் 90 சதவீதத்தில் ஈயத் துணுக்குகள். ஐந்து குவியல்களில் இருநூறுக்கும் மேல். செம்புக் குண்டால் சுடப்பட்ட நான்கு முழு மான்களிலும் சேர்த்து மொத்தம் ஆறே துணுக்குகள். நான்கு மான் என்பது சின்ன எண்ணிக்கைதான், அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இருநூறுக்கும் ஆறுக்கும் உள்ள தூரம் தற்செயலில் வரக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குடலைத் தின்ன வருவது கலிபோர்னியா காண்டோர் கழுகு. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். கூண்டில் வளர்த்து, 1996-இலிருந்து அரிசோனாவில் திரும்பப் பறக்கவிட்டார்கள். அதன் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும், ஈயம் எம்மாத்திரம்? கரைந்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது. வளர்ந்த பறவைகளின் சாவுக்கு முதல் காரணம் இன்றும் ஈய நஞ்சுதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "செம்புக் குண்டு வாங்கிப் பார்த்துட்டேன்பா, சுத்த வேஸ்ட். குறி எங்கேயோ போகுது" என்றார். வேட்டைக்காரர்கள் எழுதுவதில் இந்த ஒரு வரி விதவிதமாய்த் திரும்பத் திரும்ப வருகிறது. நான் மறுக்க நினைப்பது இதைத்தான்.

அவர் தோட்டாவைச் சொந்தமாய்ச் செய்பவர். சுட்ட பித்தளைக் கேஸை எடுத்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்கார வைப்பார். .30-06 ரைஃபிளுக்குப் பல வருஷமாய் 180 கிரெயின் ஈயக் குண்டு. செம்புக்கு மாறியபோதும் அதே 180 கிரெயின், அதே மருந்தளவு, அதே மொத்த நீளம். பெயர் மட்டும்தான் மாறியது. தப்பு அங்கேதான்.

ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. அதே எடைக்குச் செம்பு கால் பங்கு அதிக இடம் கேட்கும். ஈயக் குண்டின் மேலுறையும் செம்பு என்பதால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் போய்விடாது. குண்டின் விட்டத்தைக் குழல் தீர்மானித்துவிட்டது, ஆகவே நீளம்தான் கூடவேண்டும். மொத்த நீளத்தை மாற்றாமல் வைத்தால், நீண்ட குண்டு கேஸுக்குள் ஆழமாய் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். பழைய மருந்தளவை அப்படியே போடுவது குறி தவறுவதோடு நிற்காது, ஆபத்தும்கூட. இன்னொன்று, குண்டு நீளமானால் அதை நிலையாய்ச் சுழற்ற குழலின் முறுக்கு வேகமாய் இருக்க வேண்டும். மெதுவான முறுக்குள்ள பழைய துப்பாக்கிகள் பல திணறுவது இதனால்தான்.

வழி எளிது: எடையைக் குறைப்பது. 150 கிரெயின் செம்புக் குண்டு, வடிவத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 180 கிரெயின் ஈயக் குண்டின் நீளத்துக்கு வந்துவிடும். சிதறாமல் பெரும்பாலும் முழு எடையோடு போவதால் ஆழமும் குறையாது. அந்தக் குண்டுக்கென்றே அச்சிட்ட அட்டவணையில் ஆரம்ப அளவிலிருந்து படிப்படியாய் ஏற வேண்டும். குழலின் வரிகளை ஒட்டி உட்கார வைக்காமல் ஒரு அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி விட்டுத் தொடங்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்படி மாற்றினார், குழலையும் நன்றாய்த் துடைத்தார். நூறு கஜத்தில் மூன்று அங்குலம் சிதறியது ஒன்றேகால் அங்குலத்துக்கு வந்தது. "நான்தான் சோம்பேறி" என்று சிரித்தார்.

செம்பின் மேலுள்ள குறை ஒன்று நிஜம். ஈயம் மெதுவாய்ப் போனாலும் மலரும், செம்பு மலர வேகம் வேண்டும். தூரம் கூடி வேகம் குறைந்தால் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடும். ஆகவே எட்டாத தூரத்தில் சுடாதே என்பதுதான் பதில். விலையும் கூடுதல்தான்.

எதிர்ப்பக்கத்தின் மிகையையும் சொல்ல வேண்டும். மான்கறி சாப்பிட்டாலே நஞ்சு என்று எழுதுகிறார்கள். வட டகோட்டாவில் 736 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டைக்கறி தின்றவர்களுக்கு ஈயம் டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம்தான் கூடுதல். ஒருவருக்கும் 10-ஐத் தாண்டவில்லை. பயந்து ஓடுமளவுக்கு இல்லை, ஆனால் குழந்தைக்குத் தெரிந்தே கொடுக்கும் அளவுக்கும் இல்லை.

கலிபோர்னியா சட்டம் போட்டது: 2008-இல் காண்டோர் பறக்கும் பகுதியில், 2019 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்க. அரிசோனா 2005-இலிருந்து கைபாப் காட்டு வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாய்க் கொடுத்துக் கேட்டுக்கொண்டது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் செம்புக்கு மாறினார்கள், அல்லது குடலைக் காட்டில் விடாமல் வெளியே கொண்டுவந்தார்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "செம்பு வேஸ்ட்" என்று நம்புகிறவரைச் சட்டம் மட்டும் மாற்றாது. எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டும்.

நம் ஊரில் 1972 சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஆனாலும் கதை பழகினதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் செத்த மாட்டின் வழியாய்ப் பாறுகளைக் கொன்றது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தோம், மாற்று மருந்தும் கையில் இருந்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளுக்கும் கைபாப் காண்டோருக்கும் ஒரே பாடுதான்: நாம் விட்டுவரும் பிணத்தில் என்ன இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

அடுத்த குளிர்காலத்துப் பொட்டலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேனாவால் "செம்பு" என்று எழுதிக் கொடுத்தார். அதே மிளகு போட்டுத்தான் வறுத்தோம்.