ஆக்ஸில் கேட்ட இளையராஜா

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ பற்றி நான் ஒருமுறை அவசரத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். 1986-இல் வெளிவந்த, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட இசைத்தொகுப்பு அது. அப்பாவின் அலமாரியிலிருந்து எல்பியை எடுத்து, புதிதாக வாங்கிய டர்ன்டேபிளில் போட்டேன். வயலின்கள் கீச்சிட்டன. பேஸ் இல்லவே இல்லை. வால்யூமை முழுசா திருப்பியும் சத்தம் பத்தல.

“பதிவே சரியில்லப்பா. எல்லாரும் சும்மா தூக்கி வச்சிப் பேசுறாங்க” என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. தட்டை உறைக்குள் போட்டு வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒயரை ஃபோனோவில் குத்தாமல் ஆக்ஸில் குத்தியிருந்தேன். இதில் நான் மின்னியல் படித்தவன் வேறு!

எல்பியில் இசை உள்ளபடியே பதிவாவதில்லை. தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தை அகலமாக்கி இடத்தைத் தின்னும் என்பதால் அவற்றைக் குறைத்து வெட்டுகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக. உயர்ந்த ஒலிகளை, தட்டின் இரைச்சலில் மூழ்காதிருக்க, கூட்டி வெட்டுகிறார்கள். 1954 முதல் பரவலான ஆர்ஐஏஏ வளைவு இதுதான். ஊசியிலிருந்து வருவதோ சுமார் 5 மில்லிவோல்ட். அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கி, வளைவையும் தலைகீழாகத் திருப்பி நேர்செய்வது ஃபோனோ பிரீஆம்ப்.

சிடி பிளேயருக்கு இந்தத் தேவை இல்லை. அதுவே 2 வோல்ட் வரை தரும். பவர் ஆம்ப் முழுச்சக்திக்கு வர பெரும்பாலும் 1 வோல்ட் சொச்சம் போதும். அங்கே பிரீஆம்பின் வேலை பெரும்பாலும் குறைப்பதும், நீளமான கேபிளைத் தளராமல் ஓட்டுவதும்தான். ஆனால் ஆடியோ விமர்சனங்களைப் படித்தால் ‘கதகதப்பு’, ‘ஆன்மா’ என்றே எழுதுகிறார்கள். எந்தக் கருவியோடு, எந்த மின்னழுத்தத்தில் கேட்டார்கள் என்று பலர் சொல்வதில்லை. நம் நூல் விமர்சனங்களிலும் இதே நோய் உண்டு. நானும் அப்படித்தான் பேசினேன்: என் இணைப்பின் பிழையைப் படைப்பின் தலையில் கட்டினேன்.

சரியான துளையில் மாட்டிய பிறகு செல்லோக்கள் கீழிருந்து எழுந்து வந்தன. வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு உடம்பு கிடைத்தது. சில இடங்களில் அமைப்பு இன்னும் எனக்கு இறுக்கமாகத்தான் படுகிறது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி இப்போதுதான் வந்திருக்கிறது.

அப்பா மட்டும் நான் வீட்டில் இருக்கும்போது அந்தத் தட்டைத் தொடுவதில்லை. நான்தான் எடுத்துப் போட வேண்டியிருக்கிறது.