ஒரு பலகை மேலே, ஒரு பலகை கீழே

இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் சாப்பாட்டு அறை என்று ஒன்று தனியாக இருப்பதில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே மிஞ்சிய இடம்தான் அது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நாலு பேர் உட்காரும் மேசையைப் போட்டால் ஃப்ரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்காது. அதற்கு மாற்றாக வந்ததுதான் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் எடுத்த இந்தப் பர்மா தேக்கு மடக்கு மேசை.

நடுவில் குறுகலான பலகை. இரு பக்கமும் கீலில் தொங்கும் பலகைகள். அவற்றைத் தாங்க, கதவு திறப்பதுபோல் வெளியே சுழன்று வரும் கால்கள். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே பரவலாக இருந்த அமைப்பு.

இதில் கைவேலை முழுவதும் மூட்டில்தான் இருக்கிறது. நடுப்பலகையின் ஓரம் வெளியே உருண்டிருக்கும். தொங்கும் பலகையின் ஓரம் அதற்கு ஏற்ப உள்ளே குழிந்திருக்கும். இறக்கினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், கீல் கண்ணில் படாது. கடையில் பலகையைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதி வழியில் உரசினால் பலகை வளைந்திருக்கிறது, அல்லது யாரோ கீலைக் கழற்றித் தவறாக மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு மேசையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கால் சுழன்று சுழன்று பலகையின் அடியில் வில் மாதிரி ஒரு தேய்மானம் விழுந்திருக்கும். அது இல்லையென்றால் பலகை பிற்காலத்தில் மாற்றியது. திருகாணி ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பு செய்த திருகாணிகளுக்குக் கூர்முனை கிடையாது, நுனி மழுங்கலாக இருக்கும். வட்ட மேசை என்றால் டேப்பை இரண்டு வாக்கில் பிடியுங்கள்: மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும் என்பதால் பழைய வட்டம் துல்லியமான வட்டமாக இருக்காது. சிறு ஓட்டைகளிலிருந்து புதுத்தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பேரமே வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

சரி, சாப்பிட எப்படி? இரண்டு பலகையையும் விரித்தால் ஆறு பேர் உட்காரலாம் என்று கடையில் சொல்வார்கள். ஒருவருக்கு இரண்டடி அகலம் வேண்டும், அதிலும் வாழையிலை போட்டால் இன்னும் கூடுதலாக. சுழலும் கால் எப்படியும் யாரோ ஒருவர் முழங்காலுக்கு நடுவே வந்து நிற்கும். விரித்த நிலையில் நாலு பேர் என்பதுதான் நியாயமான கணக்கு. ஆனால் அந்த நிலை இந்த மேசைக்கு எப்போதாவதுதான். ஒரு பலகையைத் தொங்கவிட்டுச் சுவரோடு ஒட்டி, மறு பலகையை மட்டும் தூக்கிவைத்த நிலையில்தான் அது தினமும் உழைக்கிறது: காலையில் இருவர் டிபன், மாலையில் காய் நறுக்கல், இரவில் லேப்டாப். விரித்தால் எத்தனை பேர் என்று கேட்டு வாங்காதீர்கள். ஒற்றைப் பலகையில் இருவர் வசதியாக உட்கார முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

குறைகளும் உண்டு. ரசம் சிந்தினால் நேராக மூட்டுக்குள் இறங்கும், பழைய டூத் பிரஷ் இல்லாமல் எடுக்க முடியாது. அரக்கு பாலிஷ் போட்ட மேசையில் சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வளையம் விழும், பிரிமணை அவசியம். கனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: தேக்கு, தேக்குதான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்கள் ஆள்கூலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட இடம் குறைவு என்றால் விக்டோரியா காலத்து சதர்லேண்ட் வகையைத் தேடலாம். மடக்கினால் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் அகலம்தான். பெம்புரோக் வகை பார்க்க அழகு. ஆனால் அதன் பலகைகளைத் தாங்குவது கால்கள் அல்ல, சிறு மரத் தாங்கிகள். முழங்கையை ஊன்றிச் சாப்பிடும் குடும்பத்துக்கு அது ஆகாது.

மேசை மடங்கும், நாற்காலிகள் மடங்காது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. இரண்டு நல்ல நாற்காலியும், கதவுக்குப் பின்னால் சாத்திவைக்க இரண்டு மடக்கு நாற்காலியும் என்று முன்பே முடிவுசெய்துவிட்டுக் காரைக்குடிக்குப் பஸ் ஏறுங்கள்.