அப்டேட்டையும் பட்டம் பார்த்துத்தான் ரசிக்க வேண்டும்

ஒரு கேமுக்கு அப்டேட் வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலைத் தேடிப் படிப்பது. துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் என்றால் அதில் தவறில்லை. ஆனால் விதைப்பது, அறுப்பது, அக்கம்பக்கத்தாரோடு பழகுவது, திருவிழாவுக்குப் போவது என்று ஒரு வாழ்க்கையையே ஆட்டமாக வைத்திருக்கும் ஸ்டார்டியூ வேலியில் அந்தப் பட்டியல் பாதி ரசனையைத் தின்றுவிடும். அதில் சேர்க்கப்படும் புதியவற்றில் நல்லவை எல்லாம் நாள்காட்டியில் ஏதோ ஒரு நாளுக்காகக் காத்திருப்பவை. அந்த நாளில், அந்தப் பருவத்தில் போய்ப் பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும்.

தீர்த்தமலைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க மெனக்கெட வேண்டியதில்லை. இங்கே தேதி சொல்லிப் பேசுகிறவர்கள் குறைவு. “மாசித் தேருக்கு முன்னாடி”, “ஆடிப் பதினெட்டு கழிச்சு” என்றுதான் பேச்சு. ஆடிப் பதினெட்டன்று தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தத்தில் முழுகிவிட்டு, மலையேறி ராம தீர்த்தத்திலும் தலை நனைக்கப் போகும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஒரு நாள் வருகிறது என்பதற்காகவே முந்தைய இரண்டு வாரமும் வேறு மாதிரி நகரும். துணி எடுப்பது, சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவது, விதைப்பை முன்னால் முடிப்பதா பின்னால் வைப்பதா என்ற யோசனை எல்லாம் அதை ஒட்டித்தான். வருஷத்தை அப்படி வாழ்ந்து பழகியவர்களுக்கு இந்த கேம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. அலுவலக வேலையில் நொந்துபோன ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற பண்ணைக்குக் குடிவருவதுதான் கதை. பக்கத்தில் பெலிகன் டவுன் என்ற சிற்றூர். அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த எரிக் பரோன் என்ற இளைஞர் படம், இசை, வசனம், நிரல் என எல்லாவற்றையும் நாலு வருஷத்துக்கு மேல் தனி ஆளாக உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். 1996இல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன் என்ற கேம்தான் அவருக்கு முன்னோடி. ஸ்டார்டியூ வேலி இதுவரை நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அப்டேட்டுகளுக்கு அவர் காசு கேட்டதில்லை. நாம் பேசப்போகும் 1.6 அப்டேட் கணினிக்கு 2024 மார்ச் 19 அன்றும், போனுக்கும் கன்சோலுக்கும் அதே வருஷம் நவம்பர் 4 அன்றும் வந்தது.

கேமில் ஒரு வருஷம் என்பது வசந்தம், கோடை, இலையுதிர், பனி என நாலு பருவம். பருவத்துக்கு 28 நாள். ஒரு நாள் ஓடி முடிய நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். பார்ஸ்னிப் கிழங்கு நாலே நாளில் விளைந்துவிடும், காலிஃபிளவருக்குப் பன்னிரண்டு நாள். பத்து மாசம் கொல்லையில் நிற்கும் மரவள்ளியைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் இது விளையாட்டுத்தனமாகத்தான் பட்டது. பிறகு ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. காத்திருக்கும் நாட்களைக் குறைத்த பரோன், பட்டத்தின் கண்டிப்பைக் குறைக்கவில்லை. 20ஆம் தேதி காலிஃபிளவர் நட்டால் அறுக்க முடியாது. 28ஆம் தேதி இரவு தூங்கி எழுந்தால் பருவம் மாறியிருக்கும், நிலத்தில் நின்றது காய்ந்துபோயிருக்கும். தவறவிட்ட பட்டத்துக்கு அடுத்த வருஷம்தான் பதில். இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான். புதிதாகச் சேரும் எதையும் நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன்: இந்தப் பருவத்தில் இந்த நாளுக்கு இது ஏதாவது கூட்டுகிறதா, இல்லை பெட்டியில் இன்னொரு பொருளாகத்தான் சேர்கிறதா?

எனவே முதல் யோசனை, பழைய பண்ணையைத் திறக்காதீர்கள். அதிலும் 1.6 ஓடும். ஆனால் கோடிக்கணக்கில் காசு சேர்ந்து, நீர் தெளிக்கக் கருவியும் வைத்துவிட்ட பண்ணையில் புதிதாக வரும் ஒரு கேரட்டை யார் மதிப்பார்கள்? புதுப் பண்ணை ஆரம்பியுங்கள். இந்த அப்டேட்டில் வந்த மெடோலேண்ட்ஸ் என்ற புல்வெளிப் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே ஒரு கோழிக் கொட்டாயும் இரண்டு கோழிகளும் இருக்கும். ஆடுமாடு விரும்பித் தின்னும் நீலப் புல் நிலமெங்கும் பரந்திருக்கும். மற்ற பண்ணைகளில் முதல் வாரம் முழுவதும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றுவதிலேயே போய்விடும். இங்கே காலையில் எழுந்ததும் கோழியைத் தட்டிக்கொடுப்பதுதான் முதல் வேலை. நாளின் போக்கே மாறிவிடுகிறது.

கோடைக்கு வருவோம். இந்த அப்டேட்டில் பார்த்தே ஆக வேண்டியது பச்சை மழை. கோடையில் ஒரே ஒரு நாள்தான் வரும், எந்த நாள் என்பது மாறும். காலையில் கதவைத் திறக்கிறீர்கள். விழும் மழையும் நிலமும் பச்சைப் பூத்துக் கிடக்கின்றன. நேற்று வெட்டவெளியாக இருந்த இடத்தில் பெரிய பெரிய செடிகள் மண்டி நிற்கின்றன. மரத்துக்கு மரம் பாசி. ஊருக்குள் நடந்தால் தெருவில் ஆளில்லை. முதல் வருஷம் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இது என்ன மழை என்றே தெரியாது. பெரும்பாலானோர் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். உள்ளே போய்ப் பேச்சுக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தன் சுபாவத்துக்கு ஏற்றபடி அதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி.

அனுபவசாலிகள் அன்றைக்குப் பாசி சுரண்டவும் காட்டில் முளைக்கும் ஒரு வகைக் கீரையைப் பறிக்கவும் ஓடுவார்கள். நீங்கள் முதல் வருஷம் அதைச் செய்யாதீர்கள். வீடு வீடாகப் போங்கள். ஏனென்றால் அடுத்த வருஷமும் இதே மழை வரும். ஆனால் ஊர் அதற்குப் பழகியிருக்கும், பேச்சும் மாறியிருக்கும். ஒரு ஊர் முதலில் பயந்ததும் பிறகு பழகிக்கொண்டதும் கேமில் பதிவாகிறது என்பது சாதாரண விஷயமில்லை. சித்திரையில் இடியோடு மழை இறங்கினால் எங்கள் பக்கம் ஆட்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். மா மரம் வைத்தவர்கள் மட்டும் காற்றைப் பார்த்துக் கவலையோடு நிற்பார்கள். மழை என்றால் நிலம் நனைவது மட்டுமில்லை, அன்றைக்கு ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்பதும் சேர்ந்ததுதான். கேம்களில் வரும் மழை பெரும்பாலும் திரையில் கோடுகளாக விழுந்து போய்விடும். பச்சை மழையில் பரோன் அந்த இரண்டாவது பாதியையும் எழுதியிருக்கிறார்.

புதுத் திருவிழாக்களை ரசிக்க ஒரே வழி, அவை எங்கே செருகப்பட்டிருக்கின்றன என்று நாள்காட்டியைப் பார்ப்பது. கோடையில் முன்பு 11ஆம் தேதி கடற்கரை விருந்து முடிந்தால் 28ஆம் தேதி ஜெல்லி மீன் இரவு வரை பதினாறு நாள் வெறுமையாகக் கிடந்தது. நடு இடத்தில், 20, 21 தேதிகளில், இப்போது ஆற்றங்கரை மீன்பிடிப் போட்டி. ரெயின்போ ட்ரவுட் மீனைப் பிடித்தால் சிலவற்றில் தங்கச் சீட்டு இருக்கும், கூடாரத்தில் கொடுத்துப் பரிசு வாங்கலாம். பரிசுகள் சுமார்தான். ஆனாலும் தேதி மிகச் சரி. பண்ணையில் வேலை சலிக்கிற நேரத்தில் கால்கள் ஆற்றுப் பக்கம் போகின்றன.

வசந்தத்தில் கதை வேறு. 13இல் முட்டைத் திருவிழா, 24இல் மலர் நடனம் என்று ஏற்கெனவே இரண்டு இருக்க, 15 முதல் 17 வரை பாலைவனத் திருவிழா வந்து சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் நெருக்கடிதான். ஆனால் ஊர்ப் பேருந்தைப் பழுதுபார்த்தால்தான் பாலைவனத்துக்கே போக முடியும் என்பதால், புதியவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டாம் வருஷம்தான் கிடைக்கும். அது நல்லதே. அதற்குள் ஊரில் எல்லோரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தினம் பார்த்த அண்டை வீட்டுக்காரர்கள் அங்கே கடை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம், முன்பின் தெரியாதவர்களிடம் வராது. கடைக்காரர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள், செல்லுபடியாகும் காசும் தனி. முதல் நாள் சுற்றிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலத்தில் 12, 13 தேதிகளில் கடற்கரையில் கணவாய் பிடிக்கும் விழா. 8இல் பனித் திருவிழா, 15இலிருந்து இரவுச் சந்தை என்று அந்த வாரம் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் எனக்கு இது பெரிதாக ஒட்டவில்லை. இலையுதிர் காலத்துக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது. 16இல் பொருட்காட்சி, 27இல் பேய் இரவு, அவ்வளவே. புது விழா ஒன்றுகூட அந்தப் பருவத்துக்குத் தரவில்லை.

பயிர்களில் நாலு புதியவை: வசந்தத்துக்குக் கேரட், கோடைக்கு ஒரு பூசணி வகை, இலையுதிர் காலத்துக்கு பிராக்கோலி, பனிக்கு பவுடர்மெலன். இவற்றின் விதை ஊரில் விதை விற்கும் பியர் என்பவரின் கடையில் கிடைக்காது. மண்வெட்டியோடு சுற்றி, தரையில் நெளிவு தெரியும் இடங்களைக் கொத்தினால் கிடைக்கும். கிடைத்ததை விற்றுக் காசாக்க நினைக்காதீர்கள். கேரட்டைக் குதிரைக்குக் கொடுத்தால் அன்றைக்கு வேகமாக ஓடும். பவுடர்மெலன்தான் இவற்றில் பெரிய விஷயம். வெளி நிலத்தில் ஏறக்குறைய எதுவும் விளையாத பனிக்காலத்தில், வெள்ளை நிலத்தின் நடுவே உழுத நாலு கட்டத்தில் ஒரு கொடி முளைப்பது கண்ணுக்கே ஆறுதல்.

அதே பனிக்காலத்தில் ஊர்க்காரர்கள் இப்போது குளிர் உடை போடுகிறார்கள். முன்பெல்லாம் பனி கொட்டும்போதும் கோடை உடுப்பிலேயே நடமாடுவார்கள். பனி 1ஆம் தேதி காலை வேலையை ஒதுக்கிவிட்டு ஊர் நடுவில் நின்று பாருங்கள். நூற்றுக்கு மேல் புது வசனங்களும் சேர்ந்திருக்கின்றன, எனவே தெரிந்த ஆள்தானே என்று யாரையும் தாண்டிப் போகாதீர்கள்.

உலர்த்தும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. ஐந்து பழமோ காளானோ போட்டால் வற்றலாகும், திராட்சை உலர்திராட்சையாகும். மீனைப் புகையூட்டும் அடுப்பும் உண்டு. ஒரு கரி போட்டால் மீன் விலை இரண்டு மடங்கு. விலை சரிந்தால் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளியை ரோட்டில் கொட்டுவதைப் பார்த்த மாவட்டக்காரனாக, நான் முதலில் தக்காளியைத்தான் பெட்டிக்குள் போடப் பார்த்தேன். போகவில்லை. கேமின் கணக்கில் தக்காளி காய்கறி. அதை ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும். விளைந்ததை அப்படியே விற்காமல் மதிப்புக் கூட்டி விற்கும் பழக்கத்தை இந்தப் பெட்டி சின்ன வயதிலேயே பழக்கிவிடும் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

மர்மப் பெட்டிகள், பரிசுச் சீட்டு எந்திரம் இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தப் பருவத்திலும் எந்த நாளிலும் கிடைக்கும், எதையாவது கொட்டும், அவ்வளவுதான். ஐந்து திறன்களிலும் உச்சம் தொட்டபின் திறக்கும் குகை பழையவர்களுக்கானது. புதியவர்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கேம் பன்னிரண்டு மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. வசனங்கள் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள்தான், பத்தாவது படிக்கும் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். ஆனாலும் ஆசை ஆசைதானே. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை உலகம் விளையாடும்படி செய்தது. அப்படி ஆடிப்பட்டம், கார்த்திகைப் பட்டம், தைப்பட்டம் வைத்து, சாமையும் நிலக்கடலையும் விளையும் ஒரு மலையடிவார ஊரை யாராவது செய்ய வேண்டும். கேம் படிப்பு படிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் காதுக்கு இது போய்ச் சேரட்டும்.

ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். போனில் ஒருமுறை இறக்கிவிட்டால் விளையாட நெட் வேண்டாம். மலையடிவாரத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தாலும் பிரச்சினையில்லை. கணினியில் என்றால் ஒரு நாள் முடிந்து உள்ளே தூங்கினால்தான் ஆட்டம் சேமிப்பாகும், ஆகவே ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். தினம் இரண்டு நாள் ஆடினாலே இரண்டு மாசத்துக்குள் ஒரு முழு வருஷம் ஓடிவிடும். அந்த முதல் வருஷம் முடியும்வரை வழிகாட்டி வீடியோ ஒன்றையும் திறக்காதீர்கள்.