சும்மா ஃப்ரெண்டு

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் சாயங்காலம் நடப்பவர்களுக்கு அந்த ஷ்மிட் நினைவு வளைவு தெரிந்திருக்கும். 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தானும் மூழ்கிப்போன கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. இப்போது அதன் முக்கிய உபயோகம், 'எங்கடா இருக்கே?' என்று போனில் கேட்பவர்களுக்கு அடையாளம் சொல்வது.

போன மாதம் அதற்குப் பக்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். கூட இன்னொரு பெண், இரண்டு பையன்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பிளேட் மிளகாய் பஜ்ஜி. யாரோ ஒன்று கூடுதலாகத் தின்றுவிட்டதாகப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "ஹாய் அங்கிள்" என்றாள். பையன்கள் இருவரும் ஏனோ எழுந்து நின்றுவிட்டார்கள்.

திரும்பி வந்தால் லிஃப்ட்டில் அவள் அம்மா. "பீச்லேர்ந்தா வரீங்க சார்? எங்க வீட்டு மகாராணி அங்க இருந்தாளா? கூட யாரு?"

"கவனிக்கலியே" என்றேன்.

இந்த வயசில் எதற்குப் பொய் என்று ராத்திரி யோசித்தேன். 'ரெண்டு பசங்களோட பஜ்ஜி சாப்ட்டுட்டு இருந்தா' என்பது உண்மைதான். ஆனால் லிஃப்ட் கதவு திறப்பதற்குள் அது வேறு கதையாகிவிடும். அந்த வேறு கதையைத்தான் நாம் எல்லோரும் ஏற்கெனவே படித்து, பார்த்து, மனப்பாடம் செய்திருக்கிறோமே.

மறுநாள் பெண்ணே வந்தாள். "தேங்க்ஸ் அங்கிள். அவங்க சும்மா ஃப்ரெண்ட்ஸ்தான்." கொஞ்சம் நின்றுவிட்டு, "நீங்க நிறைய படிப்பீங்கல்ல? பசங்களும் பொண்ணுங்களும் சும்மா ஃப்ரெண்ட்ஸா மட்டும் இருக்கற மாதிரி ஒரு தமிழ் நாவல் சொல்லுங்களேன். அம்மாவ படிக்கவைக்கணும்" என்றாள்.

ஒரு நாள் டைம் கேட்டேன். மூன்று வாரம் ஆயிற்று.

முதல் பிரச்னை, அவள் வயசுக்கு அலமாரியே காலி. அம்புலிமாமா, கோகுலம் என்று பன்னிரண்டு வயதுவரை கைபிடித்துக் கூட்டிவந்த தமிழ், அதற்குப் பிறகு நேராகப் பெரியவர்களின் தொடர்கதையில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறது. நடுவில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு பள்ளம். நாங்கள் அதைத் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் போட்டு நிரப்பினோம். இன்றைய பிள்ளைகள் ஆங்கிலத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

அதிலும் எனிட் பிளைட்டன் ரொம்ப ஜாக்கிரதையான பெண்மணி. 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையில் மொத்தம் 21 புத்தகம். பையன்களும் பெண்களும் தீவு, குகை, சுரங்கம் என்று ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றுகிறார்கள். யாருக்கும் கவலையில்லை. காரணம், மூன்று பேர் கூடப்பிறந்தவர்கள், நாலாவது பெண் ஜார்ஜ் அவர்களுக்குக் கஸின், ஐந்தாவது நாய். ஜார்ஜின் அப்பா மற்ற மூவரின் அப்பாவுக்குச் சகோதரர். ஆக, நம்ம ஊர்க் கணக்கில் பங்காளி வீடு, தங்கச்சி முறை. அவர் மட்டும் அம்மாவுக்குத் தம்பியாக இருந்து, யாராவது அதைத் தமிழில் எழுதியிருந்தால், ஆறாவது புத்தகத்தில் பரிசம் போட்டு, பத்தாவதில் கல்யாணமே முடிந்திருக்கும்.

சினிமா? பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) விடலைப் பருவத்தை அத்தனை நிஜமாகக் காட்டிய படம். ஆனால் தோழமை மூன்று பையன்களுக்குள்ளேதான். பெண் என்றால் எட்டாத தூரத்தில் இருக்கும் டீச்சர். இரண்டு வருஷம் கழித்து வந்த 'பன்னீர் புஷ்பங்க'ளில் ஊட்டிப் பள்ளிக்கூடம், யூனிஃபார்ம், எல்லாம் இருந்தது, காதலோடு. 2002-ல் 'துள்ளுவதோ இளமை'யில் மூன்று பையன், மூன்று பெண், வீட்டை விட்டே ஓடிப்போகிறார்கள். ஆறு பேருக்கும் வீட்டில் பேச ஆளில்லை என்பது அந்தக் கதைக்குள் இருந்த நல்ல விஷயம். அதை அந்தப் படமே பாதியில் மறந்துவிட்டது. ஒரு வருஷம் முன்னால் வந்த 'பிரியாத வரம் வேண்டும்' இன்னும் நேரடி. சின்ன வயசிலிருந்தே சினேகிதர்கள், கடைசியில் அது காதல்தான் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஏதோ அத்தனை வருஷமும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்த மாதிரி.

எனக்குப் பிடித்த விதிவிலக்கு விக்ரமனின் முதல் படம் 'புது வசந்தம்' (1990). நாலு இளைஞர்களோடு ஒரே இடத்தில் தங்குகிற பெண், சந்தேகப்படும் காதலனை உதறிவிட்டு நண்பர்களிடமே திரும்பிவருகிறாள். தியேட்டரில் கைதட்டினோம். ஆனால் படம் முழுக்க அந்த நட்பு கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும். 'நாங்கள் தப்பானவர்கள் இல்லை' என்று நிரூபிப்பதற்கே பாதி வசனம் செலவாகிவிடும். பஜ்ஜிக்குச் சண்டை போட நேரமிருக்காது.

பழைய இலக்கியத்தில் தேடலாமே என்று சங்கம் பக்கம் போனேன். அகத்தில் தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். கோடு தாண்டாத ஏற்பாடு. ஆனால் புறநானூற்றில் ஒரு ஜோடி இருக்கிறது. அதியமான், ஔவையார். நெல்லிக்கனிக் கதை உங்களுக்குத் தெரியும், 91-ம் பாட்டு. அதைவிட 235-ம் பாட்டைப் பாருங்கள். அதியமான் செத்துப்போனபின் அவள் அழுவது. அவன் வீரத்தைவிட, இருந்த கள்ளையும் சோற்றையும் பங்குபோட்டுச் சாப்பிட்டதைத்தான் முதலில் சொல்லி அழுகிறாள். ஒரு பெண், ஒரு ஆண், ஒரே பந்தி, நடுவில் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது.

இந்த ஔவை கிழவி என்பதற்குப் புறநானூற்றில் ஆதாரம் இல்லை. பின்னால் வேறு ஔவையார்களும் வந்து கலந்து, நாம்தான் அவளைக் கிழவியாக்கிவிட்டோம். 1953-ல் ஜெமினி எடுத்த படத்தில் கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளம்பெண் பிள்ளையாரிடம் வேண்டி மூப்பு வாங்கிக்கொள்கிறாள், கே.பி.சுந்தராம்பாள் ஆகிறாள். மெரினாவில் நிற்கும் 1968-ம் வருஷத்துச் சிலையும் தடி ஊன்றிய பாட்டிதான். ராஜாவுக்கு ஒரு சினேகிதி இருந்தாள் என்பதை நம்மால் செரிக்க முடியவில்லை. நரைத்த முடி வைத்துத்தான் பாஸ் பண்ணினோம்.

இங்கிலீஷில் தேடினால் சென்னையிலேயே ஒன்று கிடைக்கிறது. சௌம்யா ராஜேந்திரனும் நிவேதிதா சுப்ரமணியமும் சேர்ந்து எழுதி, 2011-ல் துலிகா பதிப்பகம் போட்ட மயில் என்ற சிறுமியின் டைரி. பதின்மூன்றைத் தொடப்போகிறவள், கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறாள். 2015-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது, ஆங்கிலப் பிரிவில். பெயர் என்னவோ மயில். எதிர் ஃபிளாட்காரி இதை ஏற்கெனவே படித்தாயிற்று. "தமிழ்ல கேட்டேன் அங்கிள்."

அமெரிக்காவில் கேத்தரின் பேட்டர்சன் எழுதிய 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' (1977) இந்த வகையில் பெரிய பெயர். 1978-ன் நியூபெரி பரிசு. ஜெஸ் என்ற பையனும் லெஸ்லி என்ற பெண்ணும் ஓடைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு கற்பனை ராஜ்யம் அமைக்கிறார்கள். அங்கேயும் பையனின் அக்காக்கள் 'உன் கேர்ள் ஃப்ரெண்டு' என்று கிண்டல் செய்கிறார்கள். வர்ஜீனியாவுக்கும் அடையாறுக்கும் அவ்வளவொன்றும் தூரமில்லை. ஒருநாள் ஓடையைத் தாண்டப்போன லெஸ்லி செத்துப்போகிறாள். பேட்டர்சன் தன் மகனின் குட்டித் தோழி மின்னல் தாக்கி இறந்த துக்கத்தில் எழுதிய கதை அது, குறை சொல்ல மனசு வராது. இருந்தாலும் ஒரு சந்தேகம். அவர்களுக்குப் பத்துப் பதினொரு வயசு. லெஸ்லி பிழைத்திருந்து பதினாலு வயசு ஆகியிருந்தால் அந்த ராஜ்யம் என்ன ஆகியிருக்கும்? அதுதானே என் எதிர் வீட்டுக் கேள்வி.

கடைசியில் நான் எடுத்துக் கொடுத்தது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000-ல் வந்த நாவல். யாரும் இதை இளைஞர் நாவல் என்று சொல்லி விற்கவில்லை. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் கவுண்டர்களின் ஆடு மேய்க்கும் சக்கிலியர் பிள்ளைகள். கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி. குட்டை, நெட்டை, நொண்டல், வயிறு, செவிடு என்று உடம்பை வைத்துக் கூப்பிட்ட பெயர்கள். வவுறியும் செவிடியும் பெண்கள். அப்பன் வாங்கிய கடனுக்காகப் பண்ணையத்தில் விடப்பட்டவன் கூளையன். ஆட்டை ஓட்டிவிட்டு இவர்கள் விளையாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், இருப்பதைப் பங்குபோட்டுத் தின்கிறார்கள். தகடூர்ப் பந்தி மாதிரியேதான். ஒரு வித்தியாசம், இங்கே பங்குபோட அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை.

பையன் பெண் என்ற கவலை அங்கே ஏன் இல்லை? பார்த்துக் கவலைப்பட ஆளில்லை. ஆடு தொலைந்தால்தான் பண்ணையத்தில் தேடுவார்கள். அந்தச் சுதந்திரத்துக்கான விலையைப் பெருமாள்முருகன் மறைக்கவில்லை. பசி, அடி, வசவு, எல்லாம் கூடவே வருகிறது. எங்கள் பீச்சிலேயே கொஞ்சம் வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். அங்கே படகு மறைவில் பையன்களும் பெண்களும் கலந்து விளையாடுவதைப் பற்றி என்னை யாரும் லிஃப்ட்டில் நிறுத்திக் கேட்டதில்லை.

குறை உண்டு. கவுண்டர் வீட்டுப் பையன் செல்வனும் கூளையனுடன் சேர்ந்து சுற்றுகிறான். சினேகிதமா, எஜமானமா என்று இரண்டு பேருக்குமே தெளிவில்லாத உறவு. நாவலின் கனமெல்லாம் போகப்போக இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சாய்வதற்கு நியாயமிருக்கிறது, முடிவு தூங்கவிடாது, சொல்லமாட்டேன். ஆனால் வவுறிக்கும் செவிடிக்கும் இன்னும் நூறு பக்கம் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்களின் கண்ணிலிருந்து அதே மேட்டுக்காட்டை யாராவது எழுதவேண்டும். வட்டார வழக்கு வேறு. ஆரம்பத்தில் நம்ம ஊர்க்காரர்களைக் கொஞ்சம் திணறடிக்கும். வ.கீதா மொழிபெயர்த்து 2004-ல் தாரா வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு மறு வருஷம் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியல்வரை போயிற்று. 'அதைக் குடுத்துடட்டுமா?' என்றேன். பெண் மறுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து வந்தாள். பாதிதான் முடித்திருந்தாள். "கஷ்டமா இருக்கு அங்கிள். தமிழும், கதையும்."

"உன் கேள்விக்குப் பதில் இருக்கா?"

யோசித்தாள். "இதுல யாரும் 'நாம ஃப்ரெண்ட்ஸ்தானே'ன்னு பேசிட்டே இருக்கல. மேயவிட்டுட்டு உக்காந்திருக்காங்க. அவ்ளோதான்."

இருபது வருஷமாகப் புத்தக மதிப்புரை எழுதுகிறேன். சினிமாவிலும் தொடர்கதையிலும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததை ஒன்பதாம் வகுப்பு ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. நம் கதைகளில் நட்பைப் பற்றிப் பேசுகிறார்கள், சத்தியம் செய்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்வதைக் காணோம்.

"மிச்சத்தப் படிக்கலியா?"

"அம்மா எடுத்துட்டாங்க. என்ன புக்குன்னு பாத்துட்டுத் தரேன்னாங்க. தரவே இல்ல."

போன வியாழக்கிழமை லிஃப்ட்டில் அம்மாவைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. அதற்குள் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் கூளமாதாரி. பக்கத்தின் நடுவே மளிகைக்கடை பில் அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடிவரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"சார், அந்த வவுறி, செவிடி... பொம்பளப் புள்ளைங்க, நாள் பூரா காட்டுலயே கெடக்குதுங்களே. வீட்ல யாரும் கூட யாருன்னு கேக்கவே மாட்டாங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் எங்கள் மாடி வந்துவிட்டது.