கேலக்ஸிக் கொத்துகளை எடைபோடும் மரபு

நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளை ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கும் கொத்துதான் அண்டத்தின் மிகப் பெரிய நிலைத்த கட்டுமானம். அதன் நிறையைக் கணிப்பதில் இன்று நான்கு முக்கிய வழிகள் வழங்குகின்றன. நான்குக்கும் உள்ள மதிப்பு, கொத்தின் வடிவத்தைப் பற்றி அவை எவ்வளவு நேர்மையாகப் பேசுகின்றன என்பதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

மூத்த வழி வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியுடையது. 1933-இல் கோமா கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைக் கொண்டு அவர் நிறையைக் கணக்கிட்டார். ஒளி காட்டிய பொருளைவிடச் சில நூறு மடங்கு வந்தது. அன்றைய தொலைவுக் கணக்கு பிழையானதால் அந்த எண் பின்னால் வெகுவாக இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்ற முடிவு மட்டும் அசையவில்லை.

அடுத்தது எக்ஸ் கதிர் வழி. 1970-இல் கென்யக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், கொத்துகளில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்திருப்பதைக் காட்டியது. வாயுவின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது என்று கொண்டால் நிறை கிடைக்கும். இவ்வழியை நுட்பமாக்கிய சந்திரா தொலைநோக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. ஆனால் வாயு கலங்கிக்கொண்டிருந்தால் கணிப்பு குறைந்துவிடும்.

ஈர்ப்பு வில்லை வழிக்கு அந்தக் கவலை இல்லை. கொத்துக்குப் பின்னாலுள்ள கேலக்ஸிகளின் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் போதும். ஏபெல் 370 என்ற கொத்தில் தெரிந்த வில் வடிவ ஒளி 1980-களில் இதற்கு வாசல் திறந்தது. இதற்கும் ஒரு குறை உண்டு. வானத்தில் பதியும் நிழலை மட்டுமே வில்லை அறியும். நம்மை நோக்கி நீண்டு கிடக்கும் கொத்து, நுனிப்பக்கமிருந்து பார்த்த வெள்ளரிக்காய்போல வட்டமாகத் தெரியும். உருண்டை என்று நம்பிக் கணக்கிட்டால் நிறை கூடிவிடும். வில்லையின் வலிமை பார்த்துக் கொத்துகளைத் தேர்ந்தெடுத்தால் இத்தகையவையே மிகுதியாகச் சிக்கும். ஹபிள் தொலைநோக்கியின் கிளாஷ் திட்டம் தன் 25 கொத்துகளில் 20-ஐ எக்ஸ் கதிர்த் தோற்றத்தை வைத்தே தேர்ந்தது. மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய ஒழுக்கம் இது.

வடிவத்தை நேரடியாகக் கேட்கக் கற்றுத்தந்தது நான்காவது வழி. அண்டப் பின்னணி நுண்ணலை, கொத்தின் வாயுவைக் கடக்கும்போது சற்று மாறுகிறது என்று இயற்பியலாளர்கள் சுன்யாயேவும் செல்தோவிச்சும் கணித்தார்கள். அந்த மாற்றம் வாயுவின் அடர்த்திக்கு ஏற்ப வளரும். எக்ஸ் கதிர் ஒளியோ அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். இரண்டையும் ஒப்பிட்டால் பார்வைத் திசையில் கொத்தின் ஆழம் தெரிந்துவிடும். கொத்து உருண்டை என்று வைத்துக்கொண்டு, அதன் தொலைவைக் கண்டு, அண்ட விரிவின் வேகத்தை அளக்கத்தான் இதை முதலில் கையாண்டார்கள். அந்த வேகம் இன்று வேறு வழிகளில் ஓரளவு தெரிந்திருப்பதால், கணக்கைத் திருப்பிப் போட்டு வடிவத்தைக் கேட்கிறார்கள். இந்த மரபில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இதுவே.

இத்துறைக்கு வரும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு கொத்தின் நிறையை எழுதும்போது, மையத்திலிருந்து எந்த ஆரத்துக்குள் அளந்தது, என்ன வடிவம் என்று கொண்டது என்ற இரண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.